அடுப்புக்கு ஒரு குடும்பம்

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை ஊரே ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிடும். வயது நாற்பத்தாறு. படி தலையில் இடிக்காமல் குனிந்தே உட்கார்ந்து கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டுவிட்டது. எழுபது வயசுக்காரரும் அவளை அக்கா என்பார், அவளும் கூச்சப்படாமல் ‘சொல்லுங்க’ என்பாள். பிறப்பு, இறப்பு, பெயர் மாற்றம், தண்ணீர் இணைப்பு, எதற்கு மனுப் போட வேண்டுமென்றாலும் ஜனங்கள் முதலில் அவளிடம் வந்து நிற்பார்கள். அதிகாரிக்கு என்ன எழுதினால் பிடிக்கும், எதை எழுதினால் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த அதிகாரியின் வீட்டுக்காரிக்கே தெரியாது.

இந்த வருஷம் நகராட்சி ஒரு புது வேலையைக் கிளப்பிவிட்டது. பழைய குடும்ப அட்டைகள் செல்லாது, எல்லோரும் மாசக் கடைசிக்குள் புதுப் படிவம் கொடுக்க வேண்டும். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு விதி: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு வீட்டில் எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், மற்றவர்கள் தலைவருக்கு என்ன உறவு என்று எதிரே எழுத வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஊர் அல்லோலகல்லோலப்பட்டுவிட்டது.

ஆறு வருஷமாக ஒருவரோடொருவர் பேசாத அண்ணனும் தம்பியும் வந்தார்கள். சமையல் ஒன்றாகத்தான் நடக்கிறதாம், ஆனால் ஒரே குடும்பம் என்று எழுத இருவருக்கும் மானம் தடுக்கிறதாம். “பேச்சு வார்த்தைக்குக் கட்டம் இல்லீங்க, அடுப்புக்குத்தான் இருக்கு” என்று சொல்லி இரண்டு நிமிஷத்தில் எழுதி அனுப்பினாள். பேக்கரிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். படுப்பது இந்த வீட்டில், சாப்பிடுவது மூன்று தெரு தள்ளி அம்மா வீட்டில். “அப்ப அம்மா ஃபாரத்துல போங்க” என்றாள் ஃபாரம் அக்கா. பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையால் அவர் முதுகில் ஒன்று போட்டாள். அன்று மாலையிலிருந்து பேக்கரிக்காரர் வீட்டில் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

இப்படி ஊர்ச் சிக்கலையெல்லாம் பல்லில் நூலைக் கடித்து அறுப்பது போல அறுத்துக் கொடுத்தவள், தன் வீட்டுப் படிவத்தை மட்டும் ஒன்பது நாளாகப் பையில் வெறுமையாக வைத்துக்கொண்டு அலைந்தாள். எழுதத்தான் எடுப்பாள். ‘குடும்பத் தலைவர்’ வரைக்கும் பேனா ஓடும். அதற்குக் கீழே வந்ததும் நின்றுவிடும்.

அவள் இருப்பது புருஷன் வீட்டில். அதாவது, முன்னாள் புருஷனுடைய அப்பா வீட்டில். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்பார்கள், அதனால் அவள் சொல்வதில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் அந்த வீட்டில் மருமகளாக இருந்தாள். குழந்தை இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்த மறுவருஷம், தரை ஓடு விற்கும் கம்பெனியில் வேலை பார்த்த அவள் புருஷன் வேற்றூர்க் கிளைக்கு மாறினான். போன இடத்தில் மனசும் மாறியது. சண்டை, கூச்சல் எதுவும் இல்லாமல், கோர்ட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, கல்யாணம் ரத்தானது. அவன் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதெல்லாம் நடந்து பதினோரு வருஷம்.

அப்போதே அவள் கிளம்பியிருக்க வேண்டியவள்தான். அண்ணன் வீட்டில் அண்ணி அலமாரியில் ஒரு தட்டைக்கூட ஒழித்து வைத்துவிட்டாள். பெட்டி கட்டிய அதே வாரம் மாமனார் மாடித் தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். நகராட்சி பம்ப் ஹவுஸில் முப்பத்தைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்து ஊருக்கே தண்ணீர் விட்டவர், சொந்த வீட்டுத் தொட்டியில் ஏறி விழுந்தார் என்று ஊர் சிரித்தது. இவள் சிரிக்கவில்லை. ‘மாமா எழுந்து நடக்கிற வரைக்கும் இருக்கேன்’ என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுப் பெட்டியைப் பிரித்தாள். மாமா ஆறு மாசத்தில் எழுந்தார். ஆனால் கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. படி என்றால் அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். பாத்ரூம் வாசலில் அவள் துண்டோடு நிற்க வேண்டும். அப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம், பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் கொழுந்தன். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருப்பதே நாலு லிஃப்ட். அந்த நாலும் மாறி மாறிக் கெட்டுப்போய் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மொட்டைமாடி அறையில் படுப்பான், சாப்பாட்டுக்குக் கீழே வருவான். வாய் ஓயாமல் பேசுவான். “அண்ணி, நீங்க இல்லைன்னா இந்த வீடு ரெண்டாவது மாடியில நின்ன லிஃப்ட்தான்” என்பான். அண்ணன் விட்டுப் போனபிறகும் அண்ணி எப்படி அண்ணியாகவே இருக்கிறாள் என்று அவன் ஒருநாளும் மண்டையைக் குடைந்துகொண்டதில்லை. கொடுத்து வைத்தவன்.

பத்து வருஷத்துக்கு முந்தைய அட்டையில் அவள் தன்னை மருமகள் என்றே எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது யாரும் கேட்கவில்லை. புதுப் படிவத்தில் மருமகள் என்று எழுதினால் மகனுடைய கல்யாணச் சான்றிதழ் நகல் வைக்க வேண்டும். மகனிடம் இருக்கும் சான்றிதழில் வேறொருத்தி பெயர் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த வீட்டு வாசலை மிதிக்காதவள் மருமகள். பத்தொன்பது வருஷமாக அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பவள் யார்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. அட்டையில் பெயர் இல்லாவிட்டால் அவள் மேசைக்கு உரிமமும் கிடையாது. ஆனால் அதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வீடு தன் வீடுதானா என்பதை அவள் இத்தனை வருஷம் யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடமும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது ஒரு காகிதம் கேட்கிறது.

போதாக்குறைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமாவின் மூத்தவன், அதாவது அவளுடைய முன்னாள் புருஷன், வந்து சேர்ந்தான்.

இரண்டு பையோடு வந்தான். இரண்டாவது மனைவி அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாளாம். முன்பக்கம் முடி போய்விட்டது. வாசல் கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் தட்டினான். சொந்த வீட்டுக் கதவைத் தட்டலாமா கூடாதா என்று அவனுக்கும் குழப்பம். சாப்பாட்டுக்கு வந்திருந்த ஃபாரம் அக்கா கதவருகே போய் அவனைப் பார்த்தாள். ‘வாங்க’ என்பதா, ‘வா’ என்பதா, யார் வேண்டும் என்று கேட்பதா என்று ஒன்றும் ஓடவில்லை.

“மாமா, ஆள் வந்திருக்கு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து மகனை ஏற இறங்கப் பார்த்தார். “செருப்பை வெளிய விடு” என்றார். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அப்பாவும் மகனும் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

அன்று மாலை லிஃப்ட்டெல்லாம் ஒழுங்காக ஓடியதால் கொழுந்தன் சீக்கிரமே வந்துவிட்டான். அண்ணனைப் பார்த்துத் திருதிருவென விழித்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். “இப்ப நான் சந்தோஷப்படணுமா, கோபப்படணுமா? யாராவது சொல்லிட்டா சௌகரியமா இருக்கும்” என்றான். யாரும் சொல்லவில்லை. நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரொட்டியும் குழம்பும். மூத்தவனுக்குத் தட்டு வைக்க வேண்டியது யார்? வைத்தால் பெண்டாட்டி மாதிரி, வைக்காவிட்டால் பகையாளி மாதிரி. அவள் தட்டுகளை அடுக்காக நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். அவனோடு பேசும்போதும் அப்படித்தான், நீ, நீங்க எதுவும் வராமல் பார்த்துக்கொண்டாள். தண்ணி வேணுமா, சோப்பு உள்ள இருக்கு, விளக்கு அணைக்கலாம். மொழியில் இவ்வளவு சந்து பொந்து இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவன்மேல் கோபம் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. பாசமும் இல்லை. இரண்டுமே இல்லாத ஒருவனோடு ஒரே பாத்ரூமை எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் அவள் கவலை. அவன் கூடத்தில் சோபாவில் படுத்தான். அது அவனைவிட ஒரு அடி குட்டை.

மறுநாளே ஊர் வாய் திறந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் மனைவி படியிறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சேர்ந்துட்டீங்களாமே! கேட்டதும் மனசு குளிர்ந்துடுச்சு.” இல்லை என்றாள் இவள். “அப்ப ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?” என்று அவள் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “மாமாவால நடக்க முடியாதுல்ல” என்றாள் ஃபாரம் அக்கா.

இரண்டு நாள் கழித்து மூத்தவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். மென்று விழுங்கிக்கொண்டு ஆரம்பித்தான்.

“ஃபாரம் இன்னும் குடுக்கலையாமே. தம்பி சொன்னான்.”

“ஆமா.”

“பழையபடி மருமகள்னே எழுதிடலாமே. பேப்பர்ல மட்டும். நம்ம பழைய சர்ட்டிபிகேட் இருக்குல்ல, அதையே வெச்சுட்டா யார் பார்க்கப்போறா? உனக்கும் தொல்லை இல்ல, எனக்கும் தொல்லை இல்ல.”

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். இதில் அவளை உலுக்கியது என்னவென்றால், அவன் சொன்னது வசதியாகத்தான் இருந்தது. ஒரு சொல் எழுதினால் போதும், எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். மேசைக்கு வருகிற யாராவது இதைக் கேட்டிருந்தால் ‘அதெல்லாம் பொய் எழுத மாட்டேன், எழுந்திருங்க’ என்று விரட்டியிருப்பாள். இவனை விரட்டத் தோன்றாமல் அரை நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றாள். அந்த அரை நிமிஷத்துக்காக ராத்திரி முழுக்கத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள். “வேணாம்” என்று மட்டும் அப்போது சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பாவம், அவனும் வில்லன் இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாதவன், அவ்வளவுதான்.

மூன்றாவது கவுன்ட்டர் கிளார்க் அவளுக்குப் பழக்கமானவன். ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க கேட்டாங்க’ என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையே நிமிர்த்தவில்லை. “சொந்தம் இல்லாதவங்கன்னா மூணே வழிதான் அக்கா. வாடகைக்கு இருக்கறவங்க, வீட்டு வேலைக்கு இருக்கறவங்க, விருந்தாளி. விருந்தாளின்னா எத்தனை நாள்னு போடணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததில்லை. அவளே எத்தனையோ பேருக்கு ‘வீட்டு வேலைக்கு இருப்பவர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல். அன்று முழுக்க அந்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் முற்பகல் ரப்பர் ஸ்டாம்ப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்து, வேளை கெட்ட வேளையில் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் யாரும் இல்லை. மூத்தவன் வேலை தேடிப் போயிருந்தான். மாடிப்படியில் யாரோ விறுவிறுவென்று ஏறும் சத்தம். எட்டிப் பார்த்தாள். மாமா. இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப இரண்டு வாளி தண்ணீர். மாடித் தொட்டிச் செடிகளுக்குப் போகிறது. தடி கீழே கைப்பிடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார். பேய் அறைந்தாற்போல நின்றார். ஒரு வாளி சாய்ந்து படியெல்லாம் தண்ணீர் ஓடியது.

“எத்தனை நாளா?” என்றாள்.

“கொஞ்ச நாளா.”

“மாமா!”

“எட்டு வருஷம் இருக்கும்” என்றார்.

அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. எட்டு வருஷம்! மழையில் படியில் அவரைத் தாங்கிக்கொண்டு இறங்கியது, பாத்ரூம் வாசலில் துண்டோடு கால் கடுக்க நின்றது, அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய் அன்றைக்கே திரும்பி ஓடி வந்தது. “என்னை என்ன நெனச்சீங்க? எதுக்கு இந்த நாடகம்?” என்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் வாளிகளை வைத்துவிட்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். “நான் எழுந்து நடக்கிற வரைக்கும்னுதானே நீ இருந்தே. நடந்துட்டா போயிடுவியேம்மா.”

அவர் நடப்பது அவளுக்கும் தெரியும். தெரியும் என்றால், தெரியாத மாதிரி இருந்தாள். அவருடைய செருப்பு இரண்டும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்தது. மாடிச் செடிகள் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே வாடாமல் நின்றன. பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தாள். கால் சரியாகிவிட்டால் தனக்கு அந்த வீட்டில் என்ன வேலை? அவர் அவளுக்காக நொண்டினார், அவள் அவருக்காகத் தாங்கினாள். இப்படி இரண்டு பேர் சேர்ந்து ஒரு நல்ல இடுப்பை எட்டு வருஷம் முறிந்தே வைத்திருந்த கதையை எங்கே போய்ச் சொல்வது? நாடகம் வெட்டவெளிச்சமானபிறகு அடுத்து என்ன செய்வது என்று இருவருக்குமே புரியவில்லை.

“சரி, இப்பதான் நடக்கிறீங்களே. நான் என்ன செய்யட்டும்?” என்றாள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும் என்று காத்து நின்றாள்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, “உன் இஷ்டம்மா” என்றார்.

உன் இஷ்டம்! மனுஷர் வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. அவளைக் கட்டிப்போடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொன்னார். அவள் காதில் அது ‘போகலாம்’ என்றே விழுந்தது. ஸ்டாம்ப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் நகராட்சி வரை அழுதுகொண்டே நடந்தாள்.

போகவும் மனசில்லை. அண்ணன் வீட்டு அலமாரித் தட்டு இந்நேரம் வேறு எதற்கோ ஆகியிருக்கும். மேசையில் உட்கார்ந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கப் பொடி எழுத்து கண்ணில் பட்டது. அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி. அதைத்தானே இத்தனை நாள் ஊருக்குச் சொன்னாள்? அன்று மாலை ஒற்றைச் சுருள் மின்சார அடுப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து தன் அறை ஜன்னல் திட்டில் வைத்தாள். ஒரு பாத்திரம், ஒரு தட்டு, ஒரு கரண்டி. புதுப் படிவத்தில் தலைவர் இடத்தில் தன் பெயரை எழுதி, தலைவருக்கு உறவு என்ற இடத்தில் ‘தானே’ என்று எழுதினாள். வீட்டு உரிமையாளர் கையெழுத்துக்கு மாமாவிடம் நீட்டினாள். அவர் எதுவும் கேட்காமல் போட்டார்.

கொழுந்தன்தான் தலையில் கை வைத்துக்கொண்டான். “அண்ணி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போய்ட்டு தனிக்குடித்தனம்னா எப்படி? உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னாவது சொல்லிட்டுப் போங்க.”

“நீல மூடி.”

“ரெண்டு நீல மூடி இருக்கு.”

“அப்ப நக்கிப் பாரு” என்று கதவைச் சாத்தினாள்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள் எதையோ கருக்கிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் விழும், கொழுந்தன் சிரிப்பான், மூத்தவன் ஸாரி ஸாரி என்பான். முதல் தடவையாக வாழ்க்கையில் ஒரு தலைவர் பதவி கிடைத்திருக்கிறது, பெருமையாகத்தானே இருக்க வேண்டும்? பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தனியாக இருப்பதற்குத்தான் அந்த வீட்டிலேயே தங்கினோமா என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

கடைசி நாள் காலையில் கொழுந்தன் ஒரு வெற்றுப் படிவத்தோடு வந்தான். “எங்க குடும்பத்துக்கு யார் அண்ணி எழுதுவா? எங்கள்ல ஒருத்தனுக்கும் எழுத வராது.” சரி என்று வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தாள். எதிரே மாமா, பக்கத்தில் மூத்தவன். தலைவர் இடத்தில் மாமா பெயரை எழுதப் பேனாவை வைத்தாள்.

“அங்க என் பேரைப் போடாதே” என்றார் மாமா.

“ஏன்?”

“நான் இந்த அடுப்புல சாப்பிடலை. மூணு நாளா ரொட்டியைத் தண்ணில நனைச்சுத் தின்னுட்டு இருக்கேன்.”

“சமையல் அவ்வளவு மோசமா இருந்துச்சாப்பா?” என்றான் கொழுந்தன்.

மாமா அவனைக் கவனிக்கவில்லை. “உன் ஃபாரத்துல இடம் இருக்கா?” என்று அவளைக் கேட்டார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அதுல நான்தான் தலைவர், மாமா. நீங்க கீழ வருவீங்க.”

“தெரியும்.”

வீட்டுப் படிவத்தில் மூத்தவன் தலைவரானான். அப்பா வீட்டில் அப்பாவே இல்லாத குடும்பத்துக்குத் தலைவன். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. கொழுந்தன் தன்னை எந்தப் பக்கம் போடுவது என்று கடைசி வரைக்கும் தீர்மானிக்காமல், “ஃபாரத்துக்கு அண்ணன்கூடவே இருந்துக்கறேன், பசிக்கு அண்ணிகிட்ட வர்றேன்” என்றான்.

மாமாவும் அவளும் சேர்ந்து நகராட்சிக்கு நடந்தார்கள். மூன்றாவது கவுன்ட்டரில் பெரிய வரிசை. அவர்கள் முறை வந்ததும் கிளார்க் படிவத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அக்கா, நீங்களே கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க? இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“மாமா.”

“மாமனாரா? சர்ட்டிபிகேட்?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப வாடகைக்கு இருக்காரா?”

“வீடே அவருதுதான்.”

“சரி, வேலைக்கு?”

மாமா இருந்த இடத்திலேயே விறைத்து நின்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அதுவும் இல்லைன்னா விருந்தாளிதான். எத்தனை நாள்னு சொல்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கறாங்க.”

மாமா அவள் பக்கம் திரும்பினார். “உன்னையும் இப்படித்தான் கேட்டாங்களா?”

“ஆமா மாமா.”

“இதே மூணும்?”

“இதே மூணும்தான்.”

எழுபத்து நாலு வயது மனுஷர், ஊருக்கே தண்ணீர் விட்டவர், கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றார். “இதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, “விருந்தாளின்னே போடுங்க. எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. அதை அவதான் சொல்லணும்” என்றார்.

அவர் முகத்தில் இருந்தது வேடிக்கை இல்லை. இருக்கச் சொல்வாளா மாட்டாளா என்று தெரியாத பயம். அந்தப் பயத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அதோடுதான் தினமும் எழுந்தாள், படுத்தாள். இவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

“கடைசி வரைக்கும்னு போடு” என்றாள் கிளார்க்கிடம்.

“அப்படியெல்லாம் போட முடியாது அக்கா. ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் வந்து புதுப்பிக்கணும்.”

“வர்றோம்” என்றாள்.

முத்திரை விழுந்தது. இருவரும் வெயிலில் திரும்பி நடந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் எப்போதும் போல உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். தன் கையால் கல் எடுத்துக் கொடுத்துக் கட்டிய வீடு, ஆனாலும் அவருக்குக் கால் எடுத்து வைக்கத் தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று புரியாமல் அவள் திரும்ப வெளியே வந்து கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, “உள்ள வாங்க மாமா” என்றாள். அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.